மேரி கட்டடம் விழுந்தது... மும்பை ஓப்பரா ஹவுஸ் தப்பியது எப்படி?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வாக்கிங் போறவங்களுக்கு மேரி கட்டடம் தெரியாம இருக்காது. பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி அலுவலகம். 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்துடுச்சு. இப்போ நீங்க பார்க்கிறது, அதே வடிவத்தில் புதுசா கட்டி 2021-ல் திறந்தது. நல்லாத்தான் இருக்கு. ஆனா, பழசு பழசுதானே!

மும்பை ராயல் ஓப்பரா ஹவுஸ் கதை வேற. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்த அரங்கம், பிற்பாடு சினிமா தியேட்டர் ஆச்சு. 1993-ல் பூட்டினாங்க. இடியுறதுக்குள்ள பழுதுபார்க்க முடிவெடுத்தது, உரிமையாளரான கோண்டல் அரச குடும்பம். கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பா, சினிமாவுக்காக எடுத்துட்ட பாக்ஸ் இருக்கைகளைப் பழைய போட்டோக்களைப் பார்த்து மறுபடி அமைத்தார்.

மேடைக்கு முன்னால் ஒரு பள்ளமும் உண்டு. 'ஆர்க்கெஸ்ட்ரா பிட்' என்பார்கள். ஓப்பராவில் மைக் கிடையாது. வாத்தியக்காரர்கள் தாழ்வாக உட்கார்ந்தால்தான் அத்தனை வயலின், டிரம்பெட்டைத் தாண்டிப் பாடகியின் குரல் கடைசி வரிசைக்குப் போகும். சினிமாவுக்கு இது எதுக்கு?

2016 அக்டோபரில் அரங்கம் திறந்தபோது, மும்பையில் பிறந்த சோப்ரானோ பட்ரீசியா ரொசாரியோ அங்கே பாடினார்.

நம்ம ஊர்ப் பழைய வீட்டுச் சுவரில் அரசங்கன்று முளைச்சிருந்தா, போட்டோ எடுத்துட்டு நகர்ந்துடாதீங்க. அதோட வேர் சுண்ணாம்புக் காரைக்குள்ள இறங்கிட்டிருக்கு. வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.