காதுக் குறும்பி

மத்தியான போஜனம் முடிந்து திண்ணையில் சாய்ந்ததும், கோழி இறகைக் காதில் விட்டு, கண்களைப் பாதி மூடி, மெல்லக் குடைந்துகொள்வதில் ஓர் ஆனந்தம் உண்டென்பதை, நானும் அனுபவித்தவனாகையால், மறுக்கமாட்டேன். ஆயினும் குறும்பி அழுக்கன்று. செவிக்குழலின் வெளிப்பாகத்திலே சுரந்து, தூசியையும் கிருமியையும் தடுத்து, நாம் மெல்லும்போது தாடை அசைகிற அசைவாலும், குழலின் தோல் உள்ளிருந்து வெளிநோக்கி நகரும் விந்தையாலும், தானாகவே வெளியேறிவிடும் ரக்ஷை அது. சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளமே உள்ள அக்குழலில் பஞ்சுக்குச்சியை நுழைப்பவர், வேட்டைத் துப்பாக்கிக்கு மருந்து கெட்டிப்பவனைப் போல, அதைச் செவிப்பறையை நோக்கி இடித்து இறுக்குகிறார்.

அடைத்துக் காது மந்தமானால், அந்தக் காது மேலிருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, சுட வைக்காத ஆலிவ் எண்ணெயை இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஐந்து நிமிஷம் அசையாமல் கிடப்பதைத் தினம் இருவேளையாக நாலைந்து நாள் செய்தால், பெரும்பாலும் இளகிவிடும். இளகாவிடில் வைத்தியர் தேகச் சூட்டுக்குச் சமமாக, 37 டிகிரி வெதுநீரைப் பீச்சி எடுப்பார். நீர் குளிர்ந்திருந்தால் தலை சுற்றும். சீழ் வடிகிற காதிலும், செவிப்பறையில் துவாரம் உள்ள காதிலும் எண்ணெயும் நீரும் கூடா. அங்கே வைத்தியர் கண்ணால் பார்த்துக் கருவியால் உறிஞ்சி எடுப்பதே உசிதம்.