கோல் அடிக்கத் தெரிஞ்சா கிளப் நடத்தத் தெரியுமா? பாய்ச்சுங் பூட்டியாவோட கதை

இந்த எபிசோடுக்கான கேள்வி எனக்குக் கிடைச்சது இருக்கன்குடியில. ஆடி கடைசி வெள்ளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாரியம்மன் கோயில் கூட்டத்துல இருந்து கொஞ்சம் விலகி ஆத்து மணல்ல உட்கார்ந்திருந்தப்போ, அக்கா பையன் கேட்டான்: "மாமா, ஒரு தடவை ஃபாரின் கிளப்புக்கு ஆடப் போயிட்டா லைஃப் செட்டில்தானே? அப்புறம் கோச் ஆயிடலாம். சொந்தமா ஒரு டீமே ஆரம்பிச்சிடலாம்ல?"

பையன் பத்தாவது படிக்கிறான், ஸ்கூல் டீம்ல ஃபார்வர்டு. "அவ்வளவு ஈஸி இல்ல மாப்ள"ன்னு மட்டும் சொன்னேன். ஏன் ஈஸி இல்லன்னு அன்னைக்கு எனக்கு விளக்கத் தெரியல. ஊர்ல இருந்து வந்து உட்கார்ந்து படிச்சுப் பார்த்ததுல, அவன் சொன்ன அதே ரூட்ல போய்ப் பார்த்த ஒரு இந்தியரோட கதை கையில இருக்கு. பாய்ச்சுங் பூட்டியா. நம்ம ஊர்ல இருந்து ரொம்பத் தூரம், சிக்கிம்காரர். ஆனா அவர் கதையில வர்ற சிக்கல் சிவகாசிக்காரங்களுக்கு நல்லாவே பழக்கமானது. அது எப்படின்னு கடைசிக்குள்ள புரிஞ்சிடும்.

1.31 லட்சம் பேர்ல இருந்து ஒரு சின்ன ஊருக்கு

பூட்டியா 1976ல சிக்கிம்ல திங்கிதாம்ங்கிற கிராமத்துல பிறந்தவர். விவசாயக் குடும்பம். 1993ல, 16 வயசுல கொல்கத்தாவோட ஈஸ்ட் பெங்கால் கிளப்ல சேர்ந்தார். ரெண்டு வருஷத்துல பஞ்சாபோட ஜேசிடி அணிக்குப் போனார். 1996–97ல முதல் தடவையா நடந்த தேசிய கால்பந்து லீக்ல ஜேசிடிதான் சாம்பியன், அதிக கோல் அடிச்சவர் பூட்டியா.

அப்புறம் திரும்பவும் ஈஸ்ட் பெங்கால். 1997 ஜூலைல ஃபெடரேஷன் கப் அரையிறுதி, எதிரணி மோகன் பகான். சால்ட் லேக் ஸ்டேடியத்துல 1,31,000 பேர். பூட்டியா ஹாட்ரிக் அடிச்சார், ஈஸ்ட் பெங்கால் 4–1ன்னு ஜெயிச்சது.

இப்படி ஒரு ஆளு 1999ல இங்கிலாந்து போறார். போனது மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு இல்ல. மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கிற பெரி ஊரோட கிளப்புக்கு, மூணாம் நிலை லீக்குக்கு. மைதானத்துல சுமார் 12,000 பேர்தான் உட்கார முடியும். அதுக்கு முன்னாடி ஃபுல்ஹாம், வெஸ்ட் ப்ராம், ஆஸ்டன் வில்லான்னு ட்ரயல் போய்ப் பார்த்தார், எதுவும் அமையல. ஆனாலும் ஒரு ஐரோப்பிய கிளப்போட ஒப்பந்தம் போட்ட முதல் இந்திய வீரர்னு பேர் வாங்கினார். 1936லேயே முகமது சலீம் ஸ்காட்லாந்தோட செல்டிக் அணிக்கு வெறுங்காலோட ஆடியிருக்கார், அது தனி எபிசோடு.

பெரியில பூட்டியா லீக்ல அடிச்சது 3 கோல்தான். முழங்கால் காயம் வேற. "ஃபாரின் போனா செட்டில்"ங்கிற கணக்கு இங்கேயே கொஞ்சம் ஆட்டம் காணுது, இல்லையா?

பெரியில நடந்த இன்னொரு விஷயம்

ஸ்கோர்போர்டுல தெரியாத ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாப் பட்டது. பூட்டியா அங்கே இருந்த காலத்துலயே பெரி கிளப் பணத்துல மூழ்க ஆரம்பிச்சிருச்சு. 2002ல இங்கிலாந்தோட சின்ன லீக்குகளுக்கு ஒளிபரப்பு உரிமைப் பணம் தரவேண்டிய ஐடிவி டிஜிட்டல்ங்கிற நிறுவனம் படுத்துருச்சு. அந்தப் பணம் வரும்னு நம்பி வீரர்களுக்குச் சம்பளம் பேசின கிளப்புகள் நிறைய. எல்லாருக்கும் அடி. அதே வருஷம் பெரியும் கடனைத் தீர்க்க முடியாம, நிர்வாகத்தை வெளியாள் கையில விடற நிலைக்குப் போச்சு. ரசிகர்கள் காசு திரட்டித்தான் கிளப்பைக் காப்பாத்தினாங்க. பூட்டியா இந்தியா திரும்பினார்.

திரும்பின பிறகும் ஆட்டம் முடியல. 2003ல ஜகார்த்தாவுல நடந்த ஆசியான் கிளப் சாம்பியன்ஷிப்பை ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சது. ஃபைனல்ல பூட்டியாவும் ஒரு கோல் அடிச்சார். மலேசியாவுல பெராக், செலாங்கூர் எம்.கே.லேண்ட்னு ரெண்டு கிளப்புக்கு ஆடினார். இந்திய அணிக்கு வருஷக்கணக்கா கேப்டன். 27 வருஷத்துக்கு அப்புறம் இந்தியா ஆடின ஆசியக் கோப்பை 2011ல கத்தார்ல நடந்தது. அந்த வருஷம் ஆகஸ்ட்ல ஓய்வை அறிவிச்சார். 2012 ஜனவரியில டெல்லியில பயர்ன் மியூனிக்கோட பிரிவு உபசார மேட்ச்.

அடுத்த வேலை: கிளப் முதலாளி

ஓய்வுக்கு முன்னாடியே அவர் அடுத்த வேலைகளை ஆரம்பிச்சிட்டார். 2006ல வீரர்களுக்கான சங்கம் உருவானப்போ அதுக்குத் தலைவர். 2010ல பசங்களுக்கான கால்பந்துப் பள்ளிகள். 2011ல சொந்த மாநிலத்துல யுனைடெட் சிக்கிம் எஃப்.சி. அதுக்கு அவர் இணை உரிமையாளர், அந்த அணிக்கு ஆடவும் செஞ்சார்.

ஆரம்பம் சினிமா மாதிரி. 2012ல ஐ-லீக் ரெண்டாம் டிவிஷன்ல இருந்து மேல ஏறிட்டாங்க. கேங்டாக்ல பால்ஜோர் ஸ்டேடியம். அப்போ நாட்டோட டாப் லீக் ஐ-லீக்தான். அதுல சிக்கிமுக்குன்னு ஒரு டீம்.

ஒரே சீசன்ல கீழ வந்துட்டாங்க. நடுவுல பெல்ஜியம் கோச் பிலிப் டி ரைடர் விலகினப்போ, பூட்டியாவே தற்காலிகமா கோச் பொறுப்பையும் எடுத்துக்கிட்டார். களத்துல ரிசல்ட் வரல, வெளியே பணப் பிரச்சினை. அதுக்கப்புறம் அந்த கிளப் ஐ-லீக்குக்குத் திரும்பவே இல்ல.

ஏன் ஓடல?

நான் பாக்குற வேலையில இருந்து ஒரு உதாரணம். டீம்லயே பிரமாதமா கோட் எழுதறவரை மேனேஜர் ஆக்குவாங்க. ஆறு மாசத்துல டீமும் தடுமாறும், அவரும் தடுமாறுவார். திறமை போயிடல, வேலைதான் வேற. கால்பந்துலயும் இப்படி மூணு வேலை இருக்கு.

வீரரா இருக்கும்போது உங்க பொறுப்பு உங்க உடம்பும் அந்த 90 நிமிஷமும்.

கோச் ஆனா, 25 பேரோட உடம்பும் மனசும் உங்க பொறுப்பு. நீங்க இயல்பா செஞ்சதை அடுத்தவனுக்குப் புரியற மாதிரி சொல்லித் தரணும். அதுக்குத் தனிப் படிப்பே இருக்கு: டி, சி, பி, ஏ, ப்ரோன்னு படிப்படியா லைசென்ஸ் எடுக்கணும். பெரிய ஸ்டார்னாலும் வரிசையில நின்னுதான் ஏறணும்.

முதலாளி ஆனா உங்க பொறுப்பு மாசம் 1ஆம் தேதி. சம்பளம், பஸ், ஹோட்டல், மைதான வாடகை, பிசியோ. இந்தச் செலவு ஜெயிச்சாலும் வரும், தோத்தாலும் வரும்.

சிக்கிம் விஷயத்துல இந்தச் செலவு இன்னும் ஜாஸ்தி. அப்போ அந்த மாநிலத்துல விமான நிலையமே கிடையாது, பாக்யோங் 2018லதான் திறந்தாங்க. ஒவ்வொரு வெளியூர் மேட்ச்சுக்கும் மேற்கு வங்கத்துல இருக்கிற பாக்டோக்ரா வரைக்கும் மலைப்பாதையில 120 கிலோமீட்டருக்கு மேல இறங்கி வந்து, அங்கிருந்துதான் பிளைட்.

வரவு? இந்தியாவுல ஒரு கிளப்புக்கு டிக்கெட் காசு சம்பளத்துக்கே காணாது. டிவி பணமும் பெருசா இல்ல. வீரரை வளர்த்து வித்துச் சம்பாதிக்க அகாடமி வேணும், அது பலன் தர வருஷங்கள் ஆகும். மிச்சம் இருக்கறது ஸ்பான்சர். ஒரே ஒரு ஸ்பான்சர் கை விட்டாலும் மொத்தமும் சாயும். எங்க பாஷையில இது சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்.

இப்போ சிவகாசிக்கு வருவோம். பட்டாசு ஆலைக்காரங்களுக்கு இது புதுசே இல்ல. கூலியும் மூலப்பொருளும் வருஷம் பூரா செலவு, காசு கைக்கு வர்றது தீபாவளியை ஒட்டித்தான். அந்த நேரம் பார்த்து நாலு நாள் மழை அடிச்சாலோ, ஒரு பெரிய ஊர்ல தடை வந்தாலோ மொத்த வருஷமும் கேள்விக்குறி. அதனால அனுபவஸ்தங்க பட்டாசோட நிறுத்தாம காலண்டர், அச்சகம், தீப்பெட்டின்னு வேற தொழில்லயும் ஒரு கால் வச்சிருப்பாங்க. அந்த இன்னொரு கால் யுனைடெட் சிக்கிமுக்கு இல்லாமப் போச்சு.

"அது சின்ன மாநிலம், அதான்"னு நினைக்காதீங்க. நம்ம சென்னை சிட்டி எஃப்.சி. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துல ஆடி, 2018–19ல ஐ-லீக் சாம்பியனே ஆச்சு. சுவிட்சர்லாந்தோட எஃப்.சி. பாசல் பங்கு வாங்குற அளவுக்கு மதிப்பு. 2021–22 சீசன்ல அந்த லீக்லயே டீம் இல்ல. கோப்பை ஜெயிக்கறதும் கிளப் நிலைக்கறதும் வேற வேற கணக்கு.

புகழ் எதுவரை?

இன்னொரு நம்பர் சொல்றேன். 2022 செப்டம்பர் 2, அகில இந்திய கால்பந்து சம்மேளனத் தலைவர் தேர்தல். பூட்டியா நின்னார். எதிர்ல முன்னாள் கோல்கீப்பர் கல்யாண் சவுபே. முடிவு 33–1. பூட்டியாவுக்கு ஒரே ஒரு ஓட்டு.

ரசிகர்கள் ஓட்டுப் போட்டிருந்தா கதை வேற மாதிரி இருந்திருக்கலாம். ஆனா அங்கே ஓட்டு மாநிலச் சங்கங்கள் கையில. மைதானத்துல கிடைச்ச கைத்தட்டல் அந்த ரூமுக்குள்ள செல்லாது. நிர்வாகத்துல வேணுங்கிறது தொடர்பு, பேச்சுவார்த்தை, வருஷக்கணக்குல கட்டின நம்பிக்கை. அதுவும் ஒரு தனி ஆட்டம்.

பெரி கத்துக்கொடுத்த பாடம்

பூட்டியா ஆடின பெரி கிளப் என்ன ஆச்சு? 1885ல ஆரம்பிச்ச கிளப். எஃப்.ஏ. கோப்பையை ரெண்டு தடவை ஜெயிச்சிருக்கு, 1900லயும் 1903லயும். 2018 டிசம்பர்ல கிளப் கை மாறினது வெறும் 1 பவுண்டுக்கு, கடனோட சேர்த்து. 2019 ஆகஸ்ட்ல, பணம் இருக்குன்னு நிரூபிக்க முடியாததால லீக்ல இருந்தே தூக்கிட்டாங்க.

ஆனா கதை அதோட முடியல. ரசிகர்கள் சேர்ந்து புதுசா ஒரு கிளப் ஆரம்பிச்சு, ரொம்பக் கீழ் டிவிஷன்ல இருந்து ஆடினாங்க. 2023ல பழைய பேரோட பழைய மைதானத்துக்கே திரும்பிட்டாங்க. ஸ்டார் பிளேயர் கிடையாது, பெரிய முதலாளி கிடையாது. வாராவாரம் டிக்கெட் வாங்கற ஊர்க்காரங்கதான் அந்த கிளப்போட சொத்து.

அப்போ பூட்டியா தோத்துட்டாரா? நான் அப்படிப் பார்க்கல. இந்தியாவுல வீரர்கள் ஓய்வுக்குப் பிறகு வங்கி வேலை, ரயில்வே வேலைன்னு ஒதுங்கற காலத்துல, சொந்தக் காசையும் பேரையும் வச்சு சொந்த ஊர்ல ஒரு கிளப் கட்டப் பார்த்தார். அது நிக்கலைன்னா, கட்டினவர் மேல மட்டும் குத்தம் சொல்ல முடியாது. கீழே இருந்த மண்ணையும் பார்க்கணும்.

அக்கா பையனுக்குப் போன வாரம் போன் பண்ணி இதெல்லாம் சொன்னேன். ஃபாரின் ஆசையை விடச் சொல்லல. ஆடறப்பவே கோச்சிங் லைசென்ஸ் ஆரம்பிச்சிடு, நீ ஆடற கிளப்போட காசு எங்கிருந்து வருதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோன்னு ரெண்டே விஷயம்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டான்: "அப்போ பதினொண்ணாவதுல காமர்ஸ் குரூப் எடுக்கட்டுமா மாமா?"

அக்கா பக்கத்துலதான் இருந்திருக்கும் போல, போன் உடனே கை மாறிடுச்சு. அவன் என்ன குரூப் எடுத்தான்னு ஜூன்ல சொல்றேன்.