உங்களுக்குத் தெரியுமா? வளையல் ஓசை கருவறைக்கும் கேட்கும்!

பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் வாங்குவது பெரும்பாலும் ஏழாம் மாதத்தில். அதற்குள் கருவிலுள்ள குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கியிருக்கும்.

● 24ஆம் வாரத்தில் குழந்தையின் நீளம் சுமார் 30 செ.மீ., எடை ஏறக்குறைய 600 கிராம். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள் சுரக்கத் தொடங்குவதும் இந்தக் காலத்தில்தான். 26 வாரத்துக்குப் பின் இமைகள் திறக்கும்.

● தாதி நாடாவால் அளக்கும் கருப்பை உயரம், கர்ப்ப வாரத்தை ஒட்டியே இருக்கும். 26 வாரம் என்றால் சுமார் 26 செ.மீ.

● நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கும். அதனால், 25 வயது நிரம்பிய கர்ப்பிணிகளுக்கு அரசு சுகாதார கிளினிக்குகளில் 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை உண்டு. வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீர் குடித்து 2 மணி நேரம் கழித்து மீண்டும் எடுப்பார்கள். முதல் அளவு 5.1 மில்லிமோலையோ அடுத்தது 7.8ஐயோ எட்டினால் கர்ப்பகால நீரிழிவு.

● மாலையில் கால் லேசாக வீங்குவது இயல்பு. முகமும் கைகளும் திடீரென வீங்கி, கடும் தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். அடுத்த தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.