பி.பி.ராயின் வெரி குட் வொய்ஃப்!

மிஸ்டர் பி.பி.ராயை உங்களுக்குத் தெரியுமா? கிரேட் பிரிட்டனில் இருக்கிறார். அவருக்கு ஒரு வெரி குட் வொய்ஃப். இதற்கு மேல் அந்தத் தம்பதியைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. ஆனால், இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக எனக்குச் சோறு போடுவது அவர்கள்தான்!

1998 ஜூலை. ப்ளஸ் டூ கணக்கில் 200-க்கு 61 வாங்கி (பாஸ் மார்க் 70!), வீட்டில் யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்துகொண்டிருந்த காலம். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "லோடு ஏத்தற வேலைக்கு ஆள் கேக்கறாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவர் பதில் சொல்லவில்லை. நானும்தான்.

அக்காதான் அந்த போர்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். வியாசர்பாடியிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில், ஒரு சர்ச் காம்பவுண்டுக்குள், 'கம்யூனிட்டி காலேஜ்'. ஒரு வருஷப் படிப்பு. ஃபெயிலானவர்களும் சேரலாம்.

கம்யூனிட்டி என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதானே! தாசில்தார் கையெழுத்துப் போட்ட கம்யூனிட்டி சர்டிஃபிகேட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஆபீஸிலிருந்த அம்மா அதை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது அந்த கம்யூனிட்டி இல்லப்பா. ஊர் ஜனங்களுக்கான காலேஜ்னு அர்த்தம்."

ஃபீஸ் கட்டியது அக்கா. தையல் மெஷினில் ஜாக்கெட் தைத்துச் சேர்த்த காசு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தச் சரக்கு முதலில் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே இல்லினாய் மாநிலத்து ஜோலியட் என்ற ஊரில் 1901-லேயே இப்படி ஒரு காலேஜ் ஆரம்பித்துவிட்டார்கள். ட்ரூமன் அமைத்த கமிஷன் 1947-ல் 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயரைப் பிரபலமாக்கியது. நம் பக்கம் 1995-ல் பாண்டிச்சேரி, 1996-ல் சென்னை. சேவியர் அல்போன்ஸ் என்ற ஜேசுசபைப் பாதிரியார் இதற்காக ஊர் ஊராக அலைந்திருக்கிறார். சரித்திரம் போதும், வகுப்புக்குப் போவோம்.

முதல் வகுப்பில் எலெக்ட்ரானிக்ஸ் சார் கரும்பலகையில் எழுதியதுதான் மேலே சொன்ன ராய் விவகாரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என் காதில், "யார்றா இவரு, வங்காளியா?" என்றான். நான் ஜெனரல் நாலெட்ஜ் என்று நினைத்து நோட்டில் 'ராய் - பிரிட்டன் - பிரதமரா?' என்று குறித்துக்கொண்டேன்.

அது ரெசிஸ்டரின் மேல் இருக்கும் வண்ணக் கோடுகளை ஞாபகம் வைத்துக்கொள்ளும் குறுக்கு வழி. ப்ளாக், ப்ரவுன், ரெட், ஆரஞ்ச், எல்லோ என்று ராய் முடிந்துவிடுவார். க்ரீனும் ப்ளூவும் கிரேட் பிரிட்டன். வயலெட், க்ரே, ஒயிட் மூன்றும் அந்த அம்மாள். ப்ளாக் பூஜ்யம், ஒயிட் ஒன்பது. ப்ரவுன், ப்ளாக், ரெட் என்று கோடு இருந்தால் பத்துக்குப் பின்னால் இரண்டு பூஜ்யம், ஆயிரம் ஓம். கடைசியில் தங்க நிறம் இருந்தால் ஐந்து சதவிகிதம் முன்னே பின்னே இருக்கலாம். கணக்கில் 61 வாங்கிய எனக்கு, இந்தக் கணக்கு மட்டும் எப்படிப் புரிந்தது என்பது ஆச்சரியம். கையில் பிடித்துப் பார்க்க முடிந்ததாலோ என்னவோ!

சால்டரிங்கும் அப்படித்தான். ஈயத்தை அயன் முனையில் உருக்கிக் கொண்டுபோய் அப்பினால் ஒட்டின மாதிரி இருக்கும், ஒட்டாது. முதலில் ஒட்டவேண்டிய இடத்தைச் சூடு பண்ணவேண்டும். அப்புறம் ஈயத்தைக் காட்டினால் தானே ஓடிப் பரவும். பளபளவென்று இருந்தால் நல்ல ஜாயின்ட். மங்கலாக உருண்டு நின்றால் டிரை சால்டர். இன்றைக்கு வேலை செய்யும், கஸ்டமர் வீட்டுக்குப் போனதும் மக்கர் பண்ணும்.

காலையில் எலெக்ட்ரானிக்ஸ். மத்தியானம் இங்கிலீஷ். அங்கேதான் வயிற்றைக் கலக்கும்.

இங்கிலீஷ் சார் தபால் இலாகாவில் ரிட்டயர்டு ஆனவர். கிராமர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மேஜை மேல் ஒரு செத்துப்போன டெலிபோனை வைத்திருப்பார். ஒவ்வொருத்தனாகப் போய் ரிசீவரை எடுத்து, "ஹலோ, மே ஐ நோ ஹூ இஸ் ஸ்பீக்கிங்?" என்று கேட்கவேண்டும். மறுமுனையில் யாருமே இல்லாத போனில் பேசுவதற்கு எனக்குக் கை நடுங்கியது என்றால் நம்புவீர்களா?

இதற்கிடையில் ஒருநாள் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துவிட்டு அப்படியே 230 வோல்ட் ப்ளக்கில் சொருகினேன். முள் ஒரு துள்ளு துள்ளியது. புகை. எலெக்ட்ரானிக்ஸ் சார் என்னை நேராக இங்கிலீஷ் சாரிடம் அனுப்பிவிட்டார். "நடந்ததை இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்துட்டுப் போ." அரைமணி நேரம் பேனாவைக் கடித்து ஒரு வரி எழுதினேன்: 'ஐ பர்ன்ட் தி மீட்டர்.'

சார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "கிராமர் கரெக்ட். மீட்டர்தான் போச்சு!"

என் வாழ்க்கையில் தப்பில்லாமல் எழுதிய முதல் இங்கிலீஷ் வாக்கியம் அது.

1999 ஆரம்பத்தில் டி.வி. ரிப்பேர் செய்யும் ஒரு சர்வீஸ் சென்டருக்கு டிரெய்னிங் அனுப்பினார்கள். நன்றாகவே வேலை செய்தேன். ஒருநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது போன். பம்பாய் ஆபீஸிலிருந்து. ஒரு குறிப்பிட்ட மாடல் செட் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்கிறார்கள். எனக்குக் காரணம் தெரியும். பவர் சப்ளை பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர் உப்பிப்போகிறது. நானே நாலு செட்டில் மாற்றியிருக்கிறேன். தெரிந்த விஷயம் தொண்டை வரைக்கும் வந்தது. வாயிலிருந்து வந்தது 'எஸ் சார்' மட்டும்தான். பதினொரு 'எஸ் சார்' சொன்னேன், எண்ணினேன். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

டிரெய்னிங் முடிந்து ஒரு ஆளைத்தான் வேலைக்கு எடுத்தார்கள். என்னை இல்லை. எடுக்கப்பட்டவனுக்கு சால்டரிங் அயனை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதிலேயே சந்தேகம் உண்டு. ஆனால் போன் அடித்தால் எடுப்பான்.

அன்று ராத்திரி அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வரை நடந்தேன்.

மறுநாள் இங்கிலீஷ் சார் விசாரித்தார். சொன்னேன். ஒரு துண்டுக் காகிதத்தில் நாலே நாலு ஆரம்பம் எழுதிக் கொடுத்தார். ஐ செக்டு... ஐ ஃபவுண்ட்... ஐ ரிப்ளேஸ்டு... நவ் இட் இஸ் ஒர்க்கிங். "ரிப்பேர்காரனுக்கு இதுக்கு மேல இங்கிலீஷ் எதுக்குப்பா? நீ என்ன பார்லிமென்ட்லயா பேசப்போறே?" என்றார். மூன்று மாதம் தினமும் அந்தச் செத்த போனில், கெட்டுப்போன ஏதாவது ஒரு சாமானைப் பற்றி ரிப்போர்ட் சொன்னேன். மிக்ஸி, ரேடியோ, பக்கத்து வீட்டு அயர்ன்பாக்ஸ். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, மீட்டரை எரித்தபோது சிரிக்கவில்லையா!

இன்று ஒரு யு.பி.எஸ். கம்பெனியில் சர்வீஸ் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். தினமும் இருபது ரிப்போர்ட் படிக்கிறேன். எல்லாமே அந்த நாலு ஆரம்பம்தான். பி.ஈ. படித்த பையன்கள் எழுதுவதும் அதேதான், ஸ்பெல்லிங்தான் வேறு!

இனிமேல் விஷயம் கொஞ்சம் குடும்பப் பிரச்னை.

அக்கா மகன் போன வருஷம் ப்ளஸ் டூ முடித்தான். பாஸ்தான், ஆனால் சுமாரான மார்க். அக்கா எங்கேயோ ஒரு இன்ஜினீயரிங் காலேஜுக்கு வீட்டுப் பத்திரத்தை வைத்து லோன் கேட்கத் தயாராகிவிட்டாள். பையனோ பழைய பிரின்டரைப் பிரித்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருக்கிறவன். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "கம்யூனிட்டி காலேஜ்ல ரோபாட்டிக்ஸ் ஒரு வருஷக் கோர்ஸ் இருக்குக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா தட்டை டங்கென்று வைத்தாள். "ஃபெயிலானவன் படிக்கிற இடம்டா அது. எம் புள்ளை பாஸு!"

சொன்னது யார்? எனக்கு அங்கே ஃபீஸ் கட்டினவள்! இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அவள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த சர்டிஃபிகேட் டிகிரி ஆகாது. டிகிரி கட்டாயம் என்று போடுகிற வேலைக்கு மனுப் போட முடியாது. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள இரண்டு எழுத்து கிடைக்காது. சில இடங்களில் ரோபோ கிட்டை வாங்கி கண்ணாடி பீரோவில் பூட்டி, இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் வெளியே எடுக்கிறார்கள். அதனால் சேர்வதற்கு முன்னால் நானும் பையனுமாக ஒரு சாயங்காலம் போய் லேபைப் பார்த்தோம். டேபிள் பூராவும் சூடு பட்ட தழும்பு. எல்லாமே யாரோ தொட்டுக் கெடுத்த சாமான்கள். எனக்குத் திருப்தி! திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் சர்டிஃபிகேட்டா, அவர்களே அச்சடித்துக் கொடுப்பதா, எந்தக் கம்பெனிக்கு டிரெய்னிங் அனுப்புவார்கள் என்று கேட்டேன். போன வருஷம் முடித்த பையன்கள் இரண்டு பேரிடம் தனியாகவும் விசாரித்தேன். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு விசாரிக்கவில்லை.

ரோபோ என்ற வார்த்தையே 1920-ல் காரெல் சாப்பெக் என்ற செக் நாட்டுக்காரர் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. மூலச் சொல்லுக்கு அவர்கள் பாஷையில் 'கட்டாய உழைப்பு' என்று அர்த்தமாம். (மார்ச் மாதம் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் இருப்பவர்களுக்கு இது புதிய தகவல் அல்ல!)

பையன் முதலில் செய்தது, வெள்ளைச் சார்ட்டில் ஒட்டிய கறுப்புக் கோட்டின் மேலேயே ஓடும் வண்டி. மூளை, ஆர்டுயினோ என்கிற சின்ன போர்டு; இத்தாலியில் 2005-ல் மாணவர்களுக்காகவே பிறந்தது. கண், இரண்டு இன்ஃப்ரா ரெட் சென்சார். வெள்ளையில் பட்டால் ஒளி திரும்பி வரும், கறுப்பில் பட்டால் வராது. அவ்வளவுதான் சூட்சுமம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாமான் வாங்க நானும் கூடப் போனேன். 1998-ல் இதே சந்தில் எட்டணா மிச்சம் பிடிக்க நாலு கடை ஏறியது ஞாபகம் வந்தது.

வண்டி ஓடவில்லை. ஒரு வாரம் ராத்திரியெல்லாம் ப்ரோகிராமைத் திருத்திக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். மோட்டாருக்குத் தனி பேட்டரி, போர்டுக்குத் தனி பேட்டரி. இரண்டின் நெகட்டிவையும் சேர்க்கவே இல்லை! ஒரே ஒரு துண்டு ஒயர். வண்டி விருட்டென்று கிளம்பி பீரோவில் முட்டியது.

"எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?"

"முதல்ல நீ என்ன பண்ணினேன்னு நாலு வரி இங்கிலீஷ்ல சொல்லு."

முனகினான். ஆனால் சொன்னான்.

இந்த மார்ச்சில் காலேஜில் எக்ஸிபிஷன். அக்கா கடைசி நிமிஷத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். மாடி வராந்தாவில், ஒரகடம் பக்கத்து ஃபேக்டரியிலிருந்து வந்திருந்த இன்ஜினீயர் முன்னால், பையன் வண்டியை விட்டான். நாலடி ஒழுங்காகப் போனது. அப்புறம் வெயில் விழுந்திருந்த இடம் வந்ததும் கோட்டை விட்டுவிட்டுத் தன்னிஷ்டத்துக்குச் சுற்ற ஆரம்பித்தது. எனக்குப் பம்பாய் போன் அடித்தது போல் இருந்தது.

இன்ஜினீயர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பையன் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, "சார், ஐ செக்டு இட் இன் தி ரூம். இட் வாஸ் ஒர்க்கிங். சன்லைட் ஆல்ஸோ ஹேஸ் இன்ஃப்ரா ரெட், சார். சென்சார் இஸ் கன்ஃப்யூஸ்டு" என்றான். குரல் நடுங்கியது. நிற்கவில்லை. அவர் மேலும் ஏதோ கேட்க, இவனும் சொல்ல, இரண்டு பேருமாகத் தரையில் குந்தி வண்டியைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்கா என் கையை இடித்தாள். இரண்டு மாதக் கோபத்துக்குப் பிறகும் அவள் என்னிடம் அளந்துதான் பேசிக்கொண்டிருந்தாள். "என்னடா சொல்றான்?"

"வெயில்ல அதுக்குக் கண்ணு கூசுதாம்க்கா. கோடு தெரியலையாம்."

அக்கா யோசித்தாள். "ஏன், அது தலைமேல ஒரு குடை வெச்சுவிட்டா என்ன?"

தரையில் உட்கார்ந்திருந்த பையன் கறுப்புச் சார்ட்டை கத்தரியால் வெட்டி, சென்சாரைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தான்.