மோட்டார் சைக்கிளுக்கு ஏற்ற கொட்டகை

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் நூல் கட்டும் கீரைக் கட்டும் இன்று மோட்டார் சைக்கிளிலேயே செல்கின்றன. கடன் பெற்று வாங்கிய அவ்வண்டியை எங்கே நிறுத்துவது என்பது அற்ப விஷயமன்று.

தறி அறையில் நிறுத்துதல் கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. மேலெழாமல் தரையோரமாகவே பரவித் தேங்கும். நூல் கிடக்கும் அறையில் ஒரு பொறி போதும். கீற்றுக் கொட்டகைக்கும் இவ்வபாயம் உண்டு.

தார்ப்பாயால் இறுகப் போர்த்துவதும் தவறு. தரையின் ஈரம் உள்ளேயே தங்கிச் சங்கிலியைத் துருப்பிடிக்கச் செய்யும். வெயிலில் கிடப்பதைவிட இது மோசம் என்பது என் அபிப்பிராயம்.

சன்னலற்ற வெளிச்சுவரைச் சார்ந்து, இரும்புக் குழாய்க் கால்களின்மேல் தகரம் வேய்ந்து, இரு பக்கங்களைத் திறந்துவிடுதலே உத்தமம். தகரத்தை வெறும் ஆணியால் அடிக்காமல் மரையாணிகளால் முடுக்குதல் வேண்டும். 2016 டிசம்பர் 12-இல் வீசிய வார்தா புயலை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள்.

தளத்தின் உயரமே முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தங்கள் தெருவில் நீர் நின்ற அளவை விசாரித்து, அதற்கு மேலாகத் தளம் எழுப்புக. ஏரிக் கலங்கலை அடுத்த வீடுகளில் இது இயலாது. மழை எச்சரிக்கை வந்தவுடன் வண்டியை மேட்டுத் தெருவுக்குக் கொண்டுபோதலே வழி. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உடையோர்க்கு வெள்ளச் சேதத்திற்கு ஈடு கிடைக்காது. கடன் தவணையோ நிற்காது. நீரில் முழுகிய என்ஜினை உடனே முடுக்கிப் பார்க்க வேண்டாம். மெக்கானிக்கிடம் தள்ளிச் செல்க.