ஏரி தூர்வாரும் யந்திரங்களில் சென்ஸார் பழுதை அறியும் விதம்

வெள்ளானூர், மோரை, ஆலமாதி முதலாக ஆவடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஏரிநீர் வற்றும் கோடை மாதங்களே தூர்வாருவதற்கும் கரையைப் பலப்படுத்துவதற்கும் ஏற்ற காலமாகும். வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்கிவிடுகிறது. முற்காலத்தில் மண்வெட்டியும் கூடையும் கொண்டு குடிமராமத்தாக நடந்த இவ்வேலை, இன்று பொக்லைனாலும் ஜே.சி.பி.யாலும் நடைபெறுகிறது. மணிக்கணக்கில் வாடகை பேசி வந்த யந்திரம் ஏரியின் உள்வாயில் நின்றுவிடின், வண்டல் ஏற்ற வந்த டிராக்டர்கள் வரிசையாய்க் காத்திருக்க, வட்டாட்சியர் அளித்த அனுமதியின் நாட்களும் வீணே கழியும். ஆதலின் யந்திரம் ஏன் நின்றது என்பதை ஓரளவேனும் அறிந்திருத்தல் நிலச்சுவான்தார்களுக்கும் கிராம அலுவலர்களுக்கும் அவசியமாகின்றது.

பழைய டீஸல் எஞ்சினில் பம்பும் கவர்னருமே எண்ணெய் செல்லும் அளவை நிர்ணயித்தன. புகையைக் குறைப்பதற்காக, 2021 ஏப்ரல் முதல் நம் நாட்டில் சக்கரமுள்ள கட்டுமான வண்டிகளுக்கு நான்காம் கட்ட விதி அமுலுக்கு வந்தது. அதன் பின்னர் வந்த ஜே.சி.பி. வகை வண்டிகளில் இப்பொறுப்பு பெரும்பாலும் ஒரு சிறு கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. சூடு, அழுத்தம், சுழற்சி வேகம் முதலியவற்றை அதற்கு அறிவிப்பவை கட்டைவிரல் அளவேயான சென்ஸார்கள். ஒவ்வாத செய்தி வந்தால் கம்ப்யூட்டர் விளக்கை எரியச் செய்து எஞ்சினின் பலத்தைக் குறைத்துவிடும். அல்லது அதனை நிறுத்தியே விடும்.

அப்போது திரையில் தோன்றும் எண்ணைக் கண்டு, அந்தச் சென்ஸாரை உடனே மாற்றிவிடுதலே பலரும் செய்யும் தவறாகும். அந்த எண் கெட்டுப்போன உறுப்பின் பெயரன்று. எந்த இடத்திலிருந்து ஒவ்வாத செய்தி வந்தது என்பதை மட்டுமே அது கூறும். ஏரியின் நீர்மட்டம் குறைந்ததென்று நீர்க்கட்டி ஆள் அனுப்பினால், மட்டம் மெய்யாகவே குறைந்திருக்கலாம். நீர்க்கட்டி தவறாகப் பார்த்திருக்கலாம். செய்தி கொணர்ந்தவன் வழியில் மாற்றிச் சொல்லியிருக்கலாம். எஞ்சின், சென்ஸார், ஒயர் என்னும் மூன்றினுள் எதனிடம் குற்றம் என்பதைப் பிரித்தறிவதே பரிசோதனை.

கனரக யந்திரங்கள் பலவற்றில் இவ்வெண் இரு பகுதியாக வரும். முன்னெண் இடத்தைக் குறிக்கும்: 100 என்பது எஞ்சின் ஆயிலின் அழுத்தம், 110 ரேடியேட்டர் நீரின் சூடு, 157 டீஸல் ரெயிலின் அழுத்தம். பின்னெண் குற்றத்தின் தன்மையைக் குறிக்கும். 0 அல்லது 1 எனில், செய்தி நம்பத்தக்கதே, ஆனால் அளவு மிகுந்தோ குறைந்தோ உள்ளது என்று பொருள். 3 எனில் மின்னழுத்தம் மிகை; 4 எனில் குறைவு; 5 எனில் பெரும்பாலும் மின்வழி அறுந்தது. 100-உம் 1-உம் சேர்ந்து வந்தால் எஞ்சினை அக்கணமே நிறுத்தி ஆயில் மட்டத்தைப் பார்த்து, கையால் மாட்டும் அழுத்தமானியைக் கொண்டு சரிபார்த்தல் வேண்டும். சென்ஸார் கோளாறென்று எண்ணி ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சினே பாழாகும். 100-உடன் 3 அல்லது 4 வந்தால் ஒயரையும் சென்ஸாரையும் முதலில் சந்தேகிக்கலாம். ஆயினும் அழுத்தத்தை அளந்து பார்க்காமல் எஞ்சினை ஓட்டலாகாது.

நீரின் சூட்டை அறிவிக்கும் சென்ஸாரே பரிசோதனைக்கு எளிது. இதில் பெரும்பாலும் இரண்டு ஒயர்களே உண்டு. சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பல எஞ்சின்களில் 20 டிகிரியில் ஏறக்குறைய 2,500 ஓம் இருப்பது, 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். ஸ்கேனரில் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி என்று காட்டுவதாகக் கொள்வோம். சித்திரை வெயிலில் வெள்ளானூரில் அத்தகைய குளிர் நேராதென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மின்வழி எங்கோ அறுந்துள்ளது. சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, ஒயர் பக்கத்து இரு முனைகளையும் சிறு கம்பியால் இணைத்து, மீண்டும் சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டும். சூடு மிக அதிகமாகக் காட்டினால் ஒயரும் கம்ப்யூட்டரும் நலமே, சென்ஸார்தான் கெட்டது. எண் அசையாதிருந்தால் புதிய சென்ஸார் வாங்கும் பணம் வீண்; ஒயரைத் தேடுக. இதற்கு மாறாக, குளிர்ந்த எஞ்சினில் கொதிசூடு காட்டினால் கனெக்டரைக் கழற்றினாலே போதும். அளவு உடனே கீழிறங்கினால் குற்றம் சென்ஸாரினுள்ளே இருக்கிறது.

மூன்று ஒயருள்ள அழுத்தச் சென்ஸாரில் இவ்வாறு இணைத்தல் கூடவே கூடாது. அதில் ஒன்று கம்ப்யூட்டர் கொடுக்கும் 5 வோல்ட், ஒன்று எர்த், மற்றொன்று செய்தி. அந்த 5 வோல்ட் பல சென்ஸார்களுக்குப் பொதுவாயிருத்தலால், ஒன்று உள்ளே பழுதுற்று எர்த் ஆனால் நான்கைந்து எண்கள் ஒருங்கே தோன்றும். நான்கு சென்ஸார்கள் ஒரே நாளில் கெடுவது அரிது. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதனைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதென்று மீட்டரால் பார்த்தால் குற்றவாளி அகப்படும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே பாட்டரியைப் பார்க்க வேண்டும். ஓய்வில் உள்ள 12 வோல்ட் பாட்டரி 12.6 அளவும், பெரிய பொக்லைனின் இரட்டைப் பாட்டரி 25 வோல்ட்டுக்குச் சற்று மேலும் காட்டுதல் நன்று. தளர்ந்த எர்த் போல்ட்டு ஒன்றே பலவகைப் பொய்ச் செய்திகளுக்கும் காரணமாகிவிடும். அடுத்தது கண்ணால் பார்ப்பது: கனெக்டரில் சேறும் பச்சைக் களிம்பும், தேய்ந்த ஒயர், எலிக்கடி. வரப்போரத்தில் இரண்டு நாள் நிற்கும் யந்திரத்தின் ஒயரை எலி விட்டுவைக்குமென்று எந்தக் குடியானவரும் நம்பமாட்டார். எஞ்சின் ஓடும்போது ஒயர்க்கட்டை மெல்ல அசைத்து, அளவு துள்ளுகிறதா என்றும் கவனிக்கலாம். சுழலும் விசிறியினருகே கை போகலாகாது. ஊசியால் ஒயரின் உறையைக் குத்திப் பார்ப்பது அடுத்த மழையில் புதிய பழுதுக்கு வழி செய்வதாகும். டீஸல் ரெயிலில் 1,600 பாருக்கும் மேற்பட்ட அழுத்தம் நிற்கக்கூடும். எஞ்சின் ஓடுகையில் அக்குழாயைத் தளர்த்தினால், பீறிடும் டீஸல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

பக்கெட்டின் பற்களை ஏரியிலேயே வெல்டிங் செய்யும் வழக்கத்தால் வரும் கேடும் சிறிதன்று. பாட்டரியையும் கம்ப்யூட்டரின் கனெக்டரையும் கழற்றாமல் வெல்டிங் செய்தால் கம்ப்யூட்டரே எரிந்துபோகலாம். எர்த் பிடியையும் வெல்டிங் செய்யும் இடத்தருகிலேயே மாட்ட வேண்டும்.

யந்திரம் நின்றதும் ஆபரேட்டர் பாட்டரியைக் கழற்றி மாட்ட முற்படுமுன், திரையிலுள்ள எண்களையும் மணிமானியின் அளவையும் கிராம அலுவலர் நோட்டில் குறித்துக்கொள்ளுதல் நலம். சில யந்திரங்களில் அவ்வாறு கழற்றினால் எண் அழிந்து, மெக்கானிக் வரும்போது துப்பு ஏதுமிராது. எந்த நேரம் முதல் வாடகை ஓடாது என்ற வழக்குக்கும் அக்குறிப்பே சாட்சி. பழுது நீக்கிய பின்பு எண்ணை அழித்து, எஞ்சின் நன்கு சூடேறும்வரை பக்கெட் நிறைய மண்ணெடுத்து வேலை வாங்கி, அதே எண் திரும்பாததைக் கண்டபின்னரே மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். கழற்றிய பழைய சென்ஸாரையும் கேட்டு வாங்கிக்கொள்க.