விற்கப்பட்ட பிள்ளையின் பெயர் என்ன?

அடிமை வியாபாரம் என்றால் ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றப்பட்டவர்கள்தான் எங்கள் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்க மண்ணின் பூர்வீகக் குடிகளும் அப்படி விற்கப்பட்டார்கள் என்பதை, சமூகவியல் படித்த எனக்குக்கூட எந்த விரிவுரையிலும் யாரும் சொல்லவில்லை. 1492 முதல் 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை 25 இலட்சம் தொடக்கம் 50 இலட்சம் பேர் அடிமைகளாக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் அந்திரேஸ் ரெசெண்டெஸ் கணக்கிடுகிறார். பெரும்பாலானோர் பெண்களும் சிறுவர்களுமே. பல இடங்களில் ஆணைவிடப் பெண்ணுக்குத்தான் விலை அதிகம். ஏன் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1675இல் வம்பனோவாக் மக்களின் தலைவர் மெற்றாகொம் ஆங்கிலேயக் குடியேறிகளுக்கு எதிராகப் போர் தொடுத்தார். அடுத்த ஆண்டு அவருடைய மனைவியும் ஒன்பது வயது மகனும் பிடிபட்டார்கள். பிள்ளையைக் கொல்வதா, விடுவதா என்று போதகர்கள் கடிதங்களில் விவாதித்தார்கள். முடிவில் அவனை அடிமையாக விற்றார்கள். இவ்வளவும் எழுதி வைத்தவர்கள் அவனுடைய பெயரை மட்டும் எழுதவில்லை.

இப்படிப்பட்டவர்களைத் தேடுவதற்காக, றோட் ஐலண்டில் உள்ள பிறவுன் பல்கலைக்கழகம் ‘ஸ்ரோலன் றிலேஷன்ஸ்’ என்ற இணைய ஆவணக்காப்பகத்தை அமைத்திருக்கிறது. ‘களவாடப்பட்ட உறவுகள்’ என்று அதற்குப் பொருள். மரண சாசனங்கள், வழக்கேடுகள், ஞானஸ்நானப் பதிவுகள், தப்பியோடியவர்களைப் பிடித்துத் தரும்படி பத்திரிகைகளில் வந்த விளம்பரங்கள் என்று எல்லாவற்றிலும் தேடி, ஆளுக்கொரு பதிவாகக் கணினியில் ஏற்றுகிறார்கள்.

பழைய தாள்களைப் படம் பிடித்துப் போட்டால் மட்டும் போதாது என்பது என் கருத்து. அவை எசமானின் வாய்மொழி. அவர் வைத்த பெயர்தான் அதில் இருக்கும். அவளுடைய இனக்குழு இராது. 1542இல் ஸ்பானிய அரசு பூர்வீகக் குடிகளை அடிமையாக்குவதைத் தடை செய்தபின் ‘வேலைக்காரி’, ‘வளர்ப்புப் பிள்ளை’ என்றெல்லாம் எழுதிக்கொண்டார்கள். ஆங்கிலேயப் பகுதிகளிலோ பூர்வீகப் பெண் பலமுறை ‘நீக்ரோ’ என்று பதியப்பட்டாள். அதனால்தான் வம்பனோவாக், நரகான்செற் போன்ற இனக்குழுக்களைச் சேர்ந்தவர்களும் ஆய்வாளர்களோடு கூட இருந்து, எந்தச் சொல்லை எப்படிக் கையாள்வது என்று ஆலோசனை சொல்கிறார்கள். இழந்தவர்களின் வழிவந்தவர்கள் இல்லாமல் இந்த வேலை நடக்கக்கூடாது.

ஏட்டில் இல்லாவிட்டால் என்ன நட்டம் என்று கேட்கலாம். 1880இல் றோட் ஐலண்ட் அரசு, நரகான்செற் என்றொரு இனக்குழு இனி இல்லை என்று சட்டம் இயற்றி அவர்களின் காணியையும் எடுத்துக்கொண்டது. தாங்கள் இருக்கிறோம் என்று பழைய பதிவுகளையும் வம்சாவளிகளையும் காட்டி நிரூபித்து, 1983இல்தான் அவர்கள் அமெரிக்க அரசின் அங்கீகாரத்தைப் பெற்றார்கள்.